கார் சாவி சிக்கியதற்கு 11,800 ரூபாய் பறிகொடுத்தேன்: மதுரைக்காரர்கள் கவனிக்கவும்

பத்து வருடம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். இக்னிஷனில் சாவி சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான் பிரச்சினை. அதற்கு என்னிடம் 11,800 ரூபாய் வாங்கினார்கள். மாற்றிவிட்டோம் என்று சொன்ன பொருளை மாற்றவே இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அண்ணா நகர் கூட்டிப் போயிருந்தேன். ரோட்டோரம் கிடைத்த சின்ன இடத்தில் வண்டியை ஒடித்துச் செருகி நிறுத்தியிருந்தேன். பரிசோதனை முடிந்து வந்து சாவியைப் போட்டால் திரும்பவில்லை. சரி, எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்று இழுத்தால் வெளியேயும் வரவில்லை. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அப்பாவால் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

எதிரே மின்கம்பத்தில் ‘கார் ஸ்பாட் சர்வீஸ்’ என்று ஒரு ஸ்டிக்கர். அந்த நம்பருக்கு அடித்தேன். இருபது நிமிடத்தில் ஒரு பையன் பைக்கில் வந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. “அக்கா, நீங்க இறங்கி அப்பாகூட நிழல்ல நில்லுங்க” என்றான். நான்கைந்து நிமிடம் உள்ளே குனிந்து என்னவோ செய்தான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. “இக்னிஷன் செட்டே போச்சுக்கா. இப்படியே ஓட்டுனா போறப்பவே ஸ்டியரிங் லாக் ஆயிரும். அப்பாவ வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்காதீங்க” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் வண்டியை அவனிடம் கொடுத்தேன். சிக்கியிருந்த சாவியை ஐந்து நிமிடத்தில் திருப்ப முடிந்தது என்றால் செட் எப்படிப் போயிருக்கும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆட்டோ பிடித்து அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டியும் சாவியும் ஓர் இரவு முழுக்க ரிங் ரோட்டுப் பக்கம் உள்ள அவர்கள் ஷெட்டில் இருந்தன.

மறுநாள் ஷெட்காரர் கையில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். இக்னிஷன் செட் (சாவி போடும் பூட்டு முழுதும்) 8,600, கோடிங் (சாவியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவது) 1,700, கூலி 1,500. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய செட்டைக் கேட்டேன். “குப்பையில போட்டாச்சு மேடம்” என்றார். சாவி மட்டும் என் பழைய சாவியேதான். “பழைய சாவிக்கே செட் பண்ணிக் கொடுத்திருக்கோம்” என்றார். நல்ல காரியம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு வந்தேன்.

ஒன்பதாவது நாள் தெற்குவாசல் மார்க்கெட் அருகே அதே சாவி, அதே மாதிரி சிக்கியது. போன் செய்தால், “அப்ப கம்ப்யூட்டர் போர்டு போயிருக்கும், 22,000 ஆகும், வண்டியக் கொண்டாங்க” என்கிறார். கடை வாசலில் நின்ற ஒரு பெரியவர்தான், “கீழவாசல் பக்கம் பூட்டு ரிப்பேர் பாக்கிற பாய் இருக்காரு, ஆள விட்டுக் கூப்பிடும்மா” என்றார்.

பாய் ஒரு சின்ன தகரப் பெட்டியோடு வந்தார். வந்ததும் முதலில் கேட்டது, “இதுக்கு இன்னொரு சாவி இருக்காம்மா?” வீட்டில் பீரோவில் இருந்தது. தம்பியைக் கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் பாய் ஸ்டியரிங்கை இடதுகையால் லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். திரும்பிவிட்டது. சக்கரம் ஒடித்து நிற்கும்போது ஸ்டியரிங் பூட்டின் ஆணிமேல் பாரம் விழும், அந்தப் பாரத்தை எடுத்தால்தான் சாவி திரும்பும் என்று விளக்கினார். அண்ணா நகரிலும் இதே போலத்தான் ஒடித்து நிறுத்தியிருந்தேன்.

தம்பி கொண்டுவந்த சாவியையும் என் சாவியையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டு வருடம் புழங்கிய என் சாவியின் பற்கள் மழுங்கி வழவழப்பாகிவிட்டன. பூட்டுக்குள் வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பல் சரியான உயரத்தில் தூக்கினால்தான் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும். பல் தேய்ந்தால் ஏதாவது ஒரு தகடு துருத்திக்கொண்டு நிற்கும், சாவி திரும்பாது, சில நேரம் வெளியேயும் வராது. பீரோவில் தூங்கிய சாவி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கித் திரும்பியது.

“செட்டு மாத்தி பத்து நாள்கூட ஆகல பாய்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். இக்னிஷன் பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தலை ஒடிந்த மாதிரி மொட்டையாக இருந்தன. கம்பெனியில் முறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படிதான் அந்த போல்ட்டைச் செய்கிறார்களாம், திருடன் எளிதில் கழற்றக் கூடாது என்பதற்காக. அதை எடுக்க வேண்டுமென்றால் துளை போட வேண்டும், இல்லை உளி வைத்துத் தட்ட வேண்டும். என் வண்டியில் ஒரு கீறல் இல்லை. பல வருடத்துத் தூசி அப்படியே படிந்திருந்தது. “யாரும் தொடவே இல்லம்மா” என்றார். பூட்டுக்குள் எண்ணெய் மட்டும் அடித்திருந்தார்கள். அதனால்தான் ஒன்பது நாள் ஓடியிருக்கிறது. அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டி இன்னும் மோசமாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். புது செட் வாங்கினால் அதோடு புதுச் சாவியும் வரும். பழைய சாவி பொருந்த வேண்டுமென்றால் உள்ளே தகடுகளை மாற்றி அடுக்க வேண்டும், அது உண்டு, ஆனால் அப்போதும் கழற்றிய பழைய பூட்டு நம் கைக்கு வர வேண்டும். ஓடும்போது ஸ்டியரிங் லாக் ஆகும் என்று அந்தப் பையன் சொன்னதையும் கேட்டேன். சாவியைத் திருப்பி வெளியே உருவினால்தான் ஸ்டியரிங் பூட்டு விழும் என்றார். என்னைப் பயமுறுத்தவே அதைச் சொல்லியிருக்கிறான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

பாய் பூட்டைக் கிளீனர் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு கிராஃபைட் பொடி ஊதினார். 350 ரூபாய். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில் எதையும் உள்ளே விடாதே என்றார். தேய்ந்த சாவியைப் பார்த்து டூப்ளிகேட் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே வரும், அதனால் புது வண்டியோடு கொடுத்த, சாவியின் எண் பொறித்த சின்ன வில்லையைத் தேடி எடுத்து ஷோரூமில் கொடுத்து வெட்டிக்கொள், சாவித் தலைக்குள் சிப் உள்ள வண்டிக்கு அதையும் பதிய வைக்க வேண்டும் என்றார். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்து நான் தொங்கவிட்டிருந்த கொத்தையும் கழற்றச் சொன்னார். அத்தனை கனமும் பூட்டின்மேல்தான் ஆடுகிறது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் சாவி வரவில்லை என்றால் கியர் ‘பி’யில் முழுதாக விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் பேட்டரி இறங்கினாலும் சாவியை விடாது. மேனுவல் கார்கள் பலவற்றில் சாவியை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் வெளியே வரும். இதில் எதற்கும் மெக்கானிக் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு ஷெட்காரருக்கு மூன்று முறை பேசினேன். இப்போது போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையான பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிகம்தான். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, அந்த போல்ட்டின் புகைப்படம் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த ஓர் இரவு. என் சாவி அவர்கள் கையில் இருந்தது, நகல் எடுத்திருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. அதனால் வண்டியை இப்போது கேட்டுக்குள் நிறுத்தி, ஸ்டியரிங்குக்குத் தனியாக ஒரு பூட்டும் போட்டு வைக்கிறேன். உங்களில் யாராவது ரிங் ரோட்டுப் பக்கம் இதே போல ‘செட் மாற்றியிருந்தால்’, கீழே உள்ள மூடியைக் கழற்றச் சொல்லி அந்த போல்ட்டைப் பாருங்கள். தூசி அப்படியே இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.