ஜாங்கோ மாடல்களுக்கு ஓர் அடிப்படை வகுப்பு: தனி அட்டவணையா, அப்ஸ்ட்ராக்டா, மிக்ஸினா?

சரக்கு இருப்புக் கணக்குக்காக நாங்கள் பைத்தான் மொழியின் இணையச் சட்டகமான ஜாங்கோவில் எழுதிய செயலியில் இப்போது 14 மாடல்கள் (தரவுத்தள அட்டவணைகளைக் குறிக்கும் வகுப்புகள்) இருக்கின்றன. பொருள், விற்பனையாளர், கொள்முதல், ரசீது என்று எதை எடுத்தாலும், பதிவு உருவான நேரம், கடைசியாகத் திருத்திய நேரம், பதிந்தவர் யார் ஆகிய மூன்றும் அதில் வேண்டும். ஜாங்கோ தரும் மாடல் வகுப்பிலிருந்து ஒவ்வொன்றும் நேரடியாக மரபு பெறுவதை விட்டு, இடையில் நமக்கென்று ஓர் அடிப்படை வகுப்பை வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதற்கு மூன்று வழிகள் உள்ளன. நாங்கள் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை ஆண்டு அதையே ஓட்டி, பிறகு பெரும்பாடுபட்டு இன்னொன்றுக்கு மாறினோம். ஆகவே என் சாய்வு அப்ஸ்ட்ராக்ட் அடிப்படை வகுப்பின் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடிப்படை வகுப்பைச் சாதாரண மாடலாகவே எழுதினால், அதற்கென்று தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை உருவாகும். ஒவ்வொரு பிள்ளை வகுப்பின் அட்டவணையும் ஒன்றுக்கு-ஒன்று தொடர்பின் மூலம் அந்தத் தாய் அட்டவணையைச் சுட்டி நிற்கும். அடிப்படை வகுப்பின் அமைப்புகளைச் சொல்லும் மெட்டா பகுதியில் அப்ஸ்ட்ராக்ட் என்று குறித்துவிட்டால் தாய்க்கு அட்டவணையே கிடையாது. அதன் புலங்கள் ஒவ்வொரு பிள்ளையின் அட்டவணையிலும் நேராகச் சேர்ந்துவிடும். மூன்றாவது வழியில் ஒரே தாய்க்குப் பதிலாக, நேரத்துக்கு ஒன்று, பதிந்தவருக்கு ஒன்று என மிக்ஸின்களை (கலந்து சேர்த்துக்கொள்ளும் சிறு சிறு வகுப்புகளை) எழுதி, எந்த மாடலுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம்.

தனி அட்டவணை வழியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் குறை சொல்வார்கள். பிள்ளையைப் படிக்கும்போதெல்லாம் ஒரு ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைத்துப் படிப்பது) நடக்கிறது, சேமிக்கும்போது இரண்டு அட்டவணைகளில் எழுத வேண்டியிருக்கிறது, மொத்தமாகப் பதிவுகளைச் சேர்க்க உதவும் பல்க் கிரியேட் இத்தகைய பிள்ளை மாடல்களுக்கு வேலை செய்யாது என்பவை எல்லாம் உண்மை. ஆனால் நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்த இந்த வழியில், எங்களுடைய மிகப் பெரிய அட்டவணையிலும் சில லட்சம் வரிகள்தான் இருந்தன; அந்த அளவில் ஜாயினால் எவரும் காத்திருக்க நேரவில்லை. கோடிக்கணக்கான வரிகளோடு வேலை செய்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம், அதை நான் சோதித்துப் பார்த்ததில்லை. என் முடிவைத் தீர்மானித்தது வேகம் அல்ல. பின்னாளில் அடிப்படை வகுப்பை மாற்ற விரும்பினால் அதிலிருந்து எவ்வளவு எளிதாக வெளியேற முடியும் என்ற ஒரே கேள்விதான் தீர்மானித்தது.

இந்தக் கேள்வி ஜாங்கோவில் ஏன் இவ்வளவு கனமானது என்பதை விளக்க வேண்டும். பைத்தான் நிரலில் ஒரு வகுப்பின் தாயை மாற்றுவது ஒரே ஒரு வரித் திருத்தம். ஆனால் ஒரு மாடலை உருவாக்கும் மைக்ரேஷன் கோப்பில் (தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கோப்பு) அதன் தாய் மாடல் யார் என்பதும் சேர்த்தே எழுதப்படுகிறது. நாம் பின்னர் தாயை மாற்றினால், மைக்ரேஷன்களைத் தானாகக் கண்டுபிடித்து எழுதும் கருவி புலங்களில் நேர்ந்த மாற்றத்தைத்தான் பார்க்கும், தாய் மாறியதைப் பார்க்காது. அதன் விளைவாக, மைக்ரேஷன் வரலாற்றின்படி பிள்ளை இன்னும் பழைய தாயின் கீழேயே இருக்கும். தாயிடம் இருந்த அதே பெயரில் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு புலத்தைச் சேர்க்க முற்பட்டால், பெயர்கள் மோதுகின்றன என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

கடைசியில் தாய் இல்லாத புதிய அட்டவணைகளை உருவாக்கி, பழைய தரவைக் கவனமாக நகலெடுத்து, அதன் பிறகு பழையவற்றை நீக்கினோம். இதில் ஒரு நுட்பமான இடம் உண்டு. தனி அட்டவணை வழியில் பிள்ளைகள் எல்லாம் தாயின் எண்ணையே தம் முதன்மைச் சாவியாகக் கொள்வதால், பொருள்களின் எண்கள் வரிசையாக இல்லாமல் 7, 12, 13, 20 என்று இடைவெளிகளோடு இருந்தன. நடுவில் உள்ள எண்கள் ரசீதுகளுக்கும் கொள்முதல்களுக்கும் போயிருந்தன. வெளியே அச்சிட்டுக் கொடுத்த சீட்டுகளில் அந்த எண்கள் இருந்ததால் அவற்றை மாற்றாமல் நகலெடுத்தோம். ஆனால் எண்ணை நாமே கொடுத்து வரிகளைச் சேர்த்தால், அடுத்த எண்ணை வழங்கும் சீக்வென்ஸை எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் நகர்த்துவதில்லை. மறுநாள் காலையில் கிடங்கில் புதிய பொருள்களைப் பதிந்தபோது முதல் ஆறும் ஒழுங்காகச் சேர்ந்தன. ஏழாவது, சாவி ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு விழுந்தது. மறுபடி அழுத்தியதும் எட்டாம் எண்ணில் சேர்ந்துவிட்டது. மறுமுயற்சியில் சரியாகிவிடும் பிழை என்பதால், அதைக் கிடங்கிலிருந்து எவரும் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு சீக்வென்ஸை மீட்டமைக்கும் கட்டளையை ஜாங்கோவிலிருந்தே பெற்று ஓட்டினோம். அந்த இரண்டு நாட்களின் அலைச்சல்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

அப்ஸ்ட்ராக்ட் வகுப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. புலங்கள் பிள்ளையின் அட்டவணையிலேயே இருப்பதால், அடிப்படை வகுப்பு என்பது நிரலில் மட்டும் உள்ள ஓர் ஏற்பாடு; அதன் பெயரை மாற்றினாலும், இரண்டாகப் பிரித்தாலும், முற்றிலும் எடுத்துவிட்டுப் புலங்களைப் பிள்ளையிலேயே எழுதினாலும் தரவுத்தளத்துக்கு எதுவும் தெரியாது. ரூபி மொழியின் இணையச் சட்டகமான ரெயில்ஸின் 5-ஆம் பதிப்பு 2016-இல் வந்தபோது, புதிய செயலிகளின் மாடல்கள் எல்லாம் செயலிக்கென்று உள்ள ஓர் அப்ஸ்ட்ராக்ட் வகுப்பின் வழியாகவே மரபு பெறும்படி இயல்பிருப்பை அமைத்ததிலும் இதே சிந்தனையைக் காண்கிறேன்; அதற்கு முன்பு பலரும் நூலகத்தின் மூல வகுப்பிலேயே தங்கள் மெத்தட்களைச் செருகிக்கொண்டிருந்தார்கள்.

அப்ஸ்ட்ராக்ட் வழியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அடிப்படை வகுப்பில் ஒரு புலத்தைச் சேர்த்தால், அதன் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு ஆப்பிலும் (செயலியின் உட்பிரிவு) புதிய மைக்ரேஷன் உருவாகும். வேறு மாடலைச் சுட்டும் புலத்தை அதில் வைத்தால், எதிர்த்திசைப் பெயரில் (சுட்டப்படும் மாடலிலிருந்து திரும்பி வரப் பயன்படும் பெயர்) பிள்ளை வகுப்பின் பெயர் தானாக இடம்பெறும்படி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒன்றோடொன்று மோதும். இண்டெக்ஸ் பெயர்களுக்கும் இதே வசதி ஜாங்கோ 3.0 முதல் கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் விட, திருத்திய நேரத்தில்தான் நாங்கள் அடிபட்டோம். ஆட்டோ நவ் என்று குறித்த நேரப் புலம் ஒரு பதிவைத் தனியாகச் சேமிக்கும்போது மட்டுமே மாறும். வினவல் தொகுதியின் (ஒரு தேடலில் கிடைக்கும் பதிவுகளின் தொகுப்பு) மேல் அப்டேட் அழைத்து ஒரே வீச்சில் மாற்றினால் அது அசையாது. ஒரு விற்பனையாளரின் விலைப்பட்டியல் முழுவதையும் அப்படி மாற்றிய பிறகு, விலை புதிதாகவும் திருத்திய நேரம் மூன்று மாதம் பழையதாகவும் நின்றது. அடிப்படை வகுப்பிலேயே சொந்தமாக ஒரு வினவல் தொகுதி வகுப்பை இணைத்து, அப்டேட் அழைக்கப்படும்போது நேரத்தையும் சேர்த்து எழுதும்படி செய்தோம். பத்து வரிக்கும் குறைவான அந்தத் திருத்தம் எல்லா மாடல்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததுதான் பொது அடிப்படை வகுப்பின் உண்மையான பயன். ஆனால் ஒரு பிள்ளை மாடல் அதே பெயரில் தனக்கென்று ஒரு மேனேஜரை (மாடலின் வினவல்கள் தொடங்கும் இடம்) எழுதிக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு சத்தமின்றிப் போய்விடும் என்பதால், அதைச் சரிபார்க்க ஒரு சோதனையும் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த வசதியைக் கண்ட பிறகு, எல்லாவற்றையும் அடிப்படை வகுப்பில் போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உதாரணமாக, பதிவை உண்மையில் அழிக்காமல் அழிந்ததாகக் குறித்து மறைக்கும் ஏற்பாட்டைச் சொல்லலாம். அதை அடிப்படை வகுப்பில் வைத்தால், மறைந்திருக்கும் பழைய பொருளின் குறியீடு தனித்தன்மைக் கட்டுப்பாட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால், அதே குறியீட்டில் புதிய பொருளைச் சேர்க்க முடியாது. திரையில் பார்ப்பவருக்கோ அப்படி ஒரு பொருளே இல்லை. முதன்மைச் சாவியின் வகையையும் அங்கே வைக்க வேண்டாம் என்பேன், ஜாங்கோ 3.2 முதல் அதை அமைப்புக் கோப்பிலேயே சொல்லிவிடலாம்.

மிக்ஸின்கள் அப்ஸ்ட்ராக்ட் வழியின் நெருங்கிய உறவே. புலம் உள்ள மிக்ஸினும் அப்ஸ்ட்ராக்ட் மாடலாகத்தான் இருக்க வேண்டும். வெறும் பைத்தான் வகுப்பில் எழுதிய புலங்களை ஜாங்கோ பொருட்படுத்தாது. இரண்டு மிக்ஸின்களைச் சேர்க்கும்போது முதலில் எழுதியதன் மெட்டா மட்டுமே பிள்ளைக்கு வரும் என்பதால், இரண்டாவதில் வைத்த வரிசைப்படுத்தலோ கட்டுப்பாடோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும். மூன்று மிக்ஸின்களுக்கு மேல் நான் ஒரே மாடலில் சேர்த்ததில்லை. பெரிய அணிகளில் அது எப்படி நடக்கிறது என்பதை அங்கே பணிபுரிபவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தனி அட்டவணை வழிக்கும் நியாயமான இடம் ஒன்று உண்டு. பல வகைப் பதிவுகளை ஒரே பட்டியலாக வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும், வேறொரு மாடல் அவற்றில் எதை வேண்டுமானாலும் ஒரே அயல் சாவியால் சுட்ட வேண்டும் என்ற தேவை இருந்தால், தாய்க்கு உண்மையிலேயே அட்டவணை வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை; மூன்று பொதுப் புலங்களை மறுபடி மறுபடி எழுதாமல் தப்பிப்பதற்காக மட்டுமே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

இப்போது எங்கள் அடிப்படை வகுப்பில் இரண்டு நேரப் புலங்களும் அந்த வினவல் தொகுதியும் மட்டுமே உள்ளன. பதிந்தவர் யார் என்ற புலம் 9 மாடல்களுக்குத்தான் பயன்பட்டது என்று தெரிந்ததும், சென்ற மாதம் அதை ஒரு மிக்ஸினுக்கு மாற்றினோம். மைக்ரேஷன் கட்டளையை ஓட்டியபோது, மீதி 5 மாடல்களில் பயனில்லாமல் கிடந்த அந்தப் புலத்தை நீக்கும் வரிகள் மட்டும் வந்தன. அந்த 9 மாடல்களுக்கு எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.