இந்திராநகர் விறகடுப்பு உணவகத்தில் மூன்று வருடம்: எப்போது போவது, எங்கே உட்காருவது

பெங்களூரு இந்திராநகரில், பன்னிரண்டாவது மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்த உணவகம். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். 2022 கடைசியில் முதல்முறை போனேன். அதற்கப்புறம் இருபது தடவையாவது போயிருப்பேன். அலுவலகக் கூட்டத்தோடு, கணவரோடு, தங்கை குடும்பத்தோடு, இரண்டு முறை அம்மாவோடு. அல்சூரில் குடியிருக்கிறோம், மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். அந்தச் சந்தில் காரை நிறுத்த இடம் தேடியவர்கள் இந்த வசதியின் அருமையை அறிவார்கள்.

நடுவில் செங்கல் குவிமாட அடுப்பு, அதன் பக்கத்திலேயே தணல் போட்டு வாட்டும் இரும்புக் கம்பி அடுப்பு, சுற்றிலும் மேசைகள். சின்னச் சின்னத் தட்டுகளாக வரும், எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். எட்டரை மணிக்கு மேல் பாட்டு. இதுதான் அமைப்பு.

அடுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் திரும்பத் திரும்பப் போவது அதற்காகத்தான். ஆரம்பத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிற இடத்தில், நான் கணவரிடம் ஏதோ தமிழில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "வாணியம்பாடியாக்கா?" என்றார். பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அடுப்புக்கு எதிரே இருக்கும் உயர நாற்காலிதான் எங்கள் இடம்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டது நிறைய. மாலை ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டுமென்றால் மூன்றரைக்கே நெருப்பு மூட்ட வேண்டும். செங்கல் சூடேற அவ்வளவு நேரம் ஆகும். நன்றாக ஏறிவிட்டால் அடுப்பின் தரை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மெல்லிய பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடுவது அதனால்தான். கீழிருந்து செங்கல் சூடு, மேலே குவிமாடத்திலிருந்து இறங்கும் அனல், ஓரத்தில் எரியும் கட்டை, மூன்றும் சேர்ந்து தாக்குகின்றன. வீட்டு ஓவன் 250 டிகிரியில் திணறும்போது அதே மாவு ரொட்டிபோல் காய்ந்துபோவதும் இதனால்தான்.

கம்பி அடுப்புக்கு வேறு நியாயம். "கட்டை எரியும்போது மேல வெக்கக் கூடாதுக்கா. எரிஞ்சு அடங்கி, தணல் மேல சாம்பல் பூத்த அப்புறம்தான் வெக்கணும்" என்பார். எங்கள் ஆயா கத்தரிக்காய் சுடுவதும் அப்படித்தான். சோறு வடித்தபின் விறகை வெளியே இழுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கங்கில் காயைப் புதைத்துவிட்டுப் போய்விடுவாள். ஊர்க் கல்யாணங்களில் பிரியாணி தேக்சாவின் மூடிமேல் கங்கை அள்ளிப் போட்டு தம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இந்திராநகரில் அதையே கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு செய்வதைப் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்த முட்டைக்கோஸைச் சாப்பிட்டபின் சிரிப்பு போய்விட்டது. முழுக் கோஸை நாலாக வெட்டி, வெளி இதழ் கருகும்வரை தணலில் விட்டு, மேலே வெண்ணெயும் பூண்டும். உள்ளே பால் போல இனிப்பு. கல்யாணப் பந்தியில் நாம் இலை ஓரத்துக்குத் தள்ளிவிடும் அதே கோஸ்தான்.

ஒரு எச்சரிக்கை. மெனுவில் 'விறகடுப்பு' என்ற சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது, எல்லாத் தட்டும் நெருப்பைப் பார்த்ததில்லை. உட்கார்ந்து எண்ணினேன்: இருபத்தாறு உருப்படியில் பதினொன்றுதான் அடுப்பிலிருந்து வந்தது. மற்றவை பின்னால் கேஸ் அடுப்பில் பொரித்து வருகின்றன. பொரித்த காளான் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே விலைக்கு அதைச் சாப்பிட இந்தச் சந்துவரை வர வேண்டியதில்லை. "இதில் எது நெருப்பில் செய்தது?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். பூசணி, கோஸ், சுட்ட கத்தரிக்காய் மேல் தயிர், ஆட்டு விலா, இறால், புளிக்கவைத்த மாவு ரொட்டி, பீட்சா. இவற்றை விட்டு நகராமல் இருந்தாலே போதும்.

சரி, பகிர்ந்து சாப்பிடும் விஷயம். நம் ஆட்களுக்கு இது பழக அவகாசம் வேண்டும். நாம் இலைக்காரர்கள். எனக்கு ஒரு இலை, உனக்கு ஒரு இலை, என் அப்பளத்தில் உன் கை படாது. இங்கே ஒரே தட்டில் ஆறு கரண்டி இறங்கும். பந்தியில் உப்பு முதல் பாயசம்வரை எது எப்போது வரும் என்று தெரியும். இங்கே அடுப்பு எப்போது எதைத் தருகிறதோ அப்போது அது வரும். ஒரு தடவை பீட்சா முதலில் வந்துவிட்டது, ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் ஹம்மஸ் கடைசியில், ரொட்டி தீர்ந்தபிறகு.

அம்மாவை முதலில் அழைத்துப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளி அவருக்குக் கவிச்சி கிடையாது. கம்பியில் விலா எலும்புக்குப் பக்கத்தில் பூசணி வேகிறதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கேட்டால் காய்க்குத் தனிக் கம்பியும் தனி இடுக்கியும் எடுத்துக்கொள்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. அடுத்தது எச்சில். என் தங்கை மகன் தன் கரண்டியாலேயே தயிரை வழித்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றார், புதுக் கரண்டி கேட்டார், தட்டு வர வர எல்லோருக்கும் தானே பரிமாற ஆரம்பித்துவிட்டார். பரிமாறும் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம், பக்கத்தில் கைகட்டி நின்றான். அன்றுதான் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது. புர்ராட்டா என்று வந்தபோது பரோட்டாவை எதிர்பார்த்திருந்தவர், உள்ளே க்ரீம் வைத்த சீஸ் உருண்டையைப் பார்த்து, "இதுக்கு எதுக்கு இந்தப் பேரு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

எத்தனை பேர் போவது என்பது முக்கியம். தட்டுக்கு நாலோ ஐந்தோ துண்டுதான் இருக்கும். அலுவலகத்திலிருந்து ஆறு பேர் போனபோது ஐந்து இறால் வந்தது. கடைசி இறாலை யாரும் எடுக்காமல், அது ஆறிப்போய் கிடந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டே பேசினோம். நாலு பேர் என்றால் கச்சிதம். ஆறு பேராகப் போனால் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு சொல்ல வேண்டும், அப்போது பில் எகிறும். 2022இல் நாலு பேருக்கு, மது இல்லாமல், ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். இப்போது ஏழாயிரத்தைத் தொடுகிறது. தட்டின் அளவு அதேதான், ரொட்டி மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பில்லைப் பற்றி ஒரு சண்டையும் உண்டு. உணவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அது புரிகிறது. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனி, அதுவும் சரி. நடுவில் 10 சதவீதம் 'சேவைக் கட்டணம்' என்று இன்னொரு தொகை, அதன் மேலும் ஜிஎஸ்டி. இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நான் எடுக்கச் சொன்னேன். "எல்லோரும் கொடுக்கிறார்களே மேடம்" என்றார் மேலாளர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்று மட்டும் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் புது பில் வந்தது. அதற்குப் பதிலாகப் பரிமாறிய பையன் கையில் நேரடியாகக் கொஞ்சம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் அந்த 10 சதவீதம் அவனிடம் போய்ச் சேர்ந்ததில்லை என்றுதான் தோன்றியது.

இனி பாட்டு. வியாழக்கிழமை கிட்டார், தாள வாத்தியம், ஒரு பாடகர், மூன்றே பேர். மேசையில் பேச்சுக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி, சனி டிஜே. ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சத்தைக் குறைத்து, நெஞ்சில் அதிரும் அடித்தொனியான பாஸை ஏற்றிவிடுவார்கள். சத்தத்தை அளக்கும் கைபேசி ஆப்பில் பார்த்தேன், துல்லியமாக இருக்காது, இருந்தாலும் ஏழரைக்கு 76 டெசிபல் காட்டியது ஒன்பதே காலுக்கு 94 காட்டியது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 94 என்றால் ஒரே மணி நேரம். நாம் எழுந்து வந்துவிடுவோம். தட்டு தூக்குகிற பிள்ளைகள் இரவெல்லாம் அதில்தான் நிற்கிறார்கள். ஆர்டர் தப்பாக வருவதும் வெள்ளி, சனியில்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இந்திராநகரில் இது பழைய தகராறு. குடியிருப்பும் பப்பும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பேட்டை. மேடை இசைக்குப் போலீஸ் உரிமம் கட்டாயம் என்ற 2005ஆம் ஆண்டு உத்தரவை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின், இங்கே பல இடங்களில் கொஞ்ச நாள் நேரடி இசையே நின்றுபோனது. இரவு பத்துக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு என்கிறது ஒலி மாசு விதி. பத்தாகும்போது இவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். பாஸ் கதவைக் கேட்டுக்கொண்டு நிற்குமா?

2024 மழைக்காலத்தில் தர்மபுரிக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நாலைந்து மாதம் சாப்பாடு சறுக்கியது. கோஸில் கசப்பு, ரொட்டியின் அடியில் கரி, உள்ளே மாவு வேகவில்லை. விறகு ஈரம் என்று பார்த்ததுமே தெரிந்தது: கட்டை முனையில் நுரை கட்டி, புகை வெள்ளையாகக் கிளம்பியது. ஈர விறகின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். நெருப்பு முழுதாக எரியாமல் புகை கரியாகச் சாப்பாட்டில் படியும். காய்ந்த கட்டை தரும் நல்ல மணம் வேறு, இது வேறு. ஆயா இருந்திருந்தால் ஊதாங்குழலை யார் தலையிலாவது போட்டிருப்பாள். நாங்களும் போவதை நிறுத்திவிட்டோம்.

2025 கோடையில் கணவர் தனியாக ஒருமுறை போய் வந்து, "தேறிட்டாங்க" என்றார். நம்பாமல் போனேன். புதிதாக ஒரு மணிப்பூர்ப் பெண் அடுப்பில் நிற்கிறார். கட்டைகளை அடுப்புக்கு அடியிலேயே அடுக்கி உலர்த்தி வைத்திருக்கிறார். கோஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது, சுட்ட கத்தரிக்காய் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. எங்களுக்குள் பொது மொழி கிடையாது, அரைகுறை இந்தியில் ஓடுகிறது. போன வாரம் தணலைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினேன். சிரித்துக்கொண்டே ஒரு துண்டு பூசணியை இலவசமாகத் தள்ளினார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் அல்லது புதன், ஏழு மணி, அடுப்புக்கு எதிரே உயர நாற்காலி. பாட்டு வேண்டுமென்றால் வியாழன். முதலில் மூன்று தட்டு மட்டும் சொல்லுங்கள், மொத்தமாகச் சொன்னால் மேசையில் இடமிருக்காது, எல்லாம் ஆறிப்போகும். சலவைக்குப் போட வேண்டிய பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தலையில் வைத்த மல்லிகைகூட வீட்டுக்கு வரும்போது புகை மணக்கும். அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அடுத்த மாதம் வரும்போது புதன்கிழமை பார்த்துக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார், விலா எலும்பு சாப்பிட.