புல்தரை ஏரேஷன் என்ற பெயரில் ஆணி உருளையை ஓட்டிவிட்டுப் போகிறார்கள்: எச்சரிக்கை

வீட்டுப் புல்தரைக்கு முதன்முறையாக ஏரேஷன் (இறுகிய மண்ணில் துளையிட்டு நீரும் காற்றும் உள்ளே போக வழி செய்வது) செய்ய ஆள் அமர்த்தப்போகிறவர்கள், வேலையைத் தொடங்கவிடுவதற்கு முன் இயந்திரத்தின் முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது உள்ளீடற்ற குழலாக இருக்க வேண்டும். கூரான ஆணியாக இருந்தால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம். இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று என்னிடம் முழுக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு ஏமாற்றியது.

ஆள் நடமாட்டத்தாலும் புல்வெட்டும் இயந்திரத்தின் எடையாலும் மண் நாளடைவில் இறுகும்போது, மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் அடைபட்டு, நீரும் காற்றும் வேர்களைச் சென்றடைய வழியில்லாமல் போகிறது. குழல் முனைகள் மண்ணைச் சிறு உருளைகளாகப் பெயர்த்து வெளியே போடுவதால்தான் சுற்றியுள்ள மண் தளர்ந்து விரிய இடம் கிடைக்கிறது. அரை முதல் முக்கால் அங்குல விட்டமும் 2 முதல் 3 அங்குல ஆழமும் உள்ள துளைகள், 2 முதல் 4 அங்குல இடைவெளியில் விழுந்தால் அது முறையான வேலை. ஆணியோ மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கவாட்டில் தள்ளி நெருக்குகிறது. என்னுடையதைப் போன்ற களிமண்ணில் துளையின் சுவர் முன்பைவிட இறுகிப்போகவும் கூடும்.

மண் உருளைகளை எடுக்கும் முறையிலேயே செய்வதாக அந்த நிறுவனம் எழுத்துமூலம் உறுதியளித்திருந்தது. வந்ததோ ஆணிகள் பதித்த உருளை. நான் ஆட்சேபித்தபோது, "ஓட்டை விழுந்தால் போதுமே, இரண்டும் ஒன்றுதானே சார்" என்று மேற்பார்வையாளர் மழுப்பினார். முந்தைய நாள் நீர் பாய்ச்ச வேண்டுமா என்று நான் தொலைபேசியில் கேட்டதற்குத் தேவையில்லை என்று கூறியிருந்தார்கள். உண்மையில், மண் சேறாக இல்லாமல் நன்கு ஈரமாக இருந்தால்தான் முனை ஆழமாக இறங்கும். காய்ந்த தரையில் ஒரே ஒரு முறை உருளையை ஓட்டினார்கள்; குச்சியை விட்டு அளந்து பார்த்தால் எந்தத் துளையும் ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. மிகவும் இறுகிய தரையில் நெடுக்காக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் ஓட்டுவதே வழக்கம். மண்ணுக்கடியில் குழாய்கள் எங்கே போகின்றன என்று எவரும் கேட்கவில்லை. நான் அடையாளக் கொடி நட்டிருந்தும், நீர்த் தெளிப்பான் ஒன்றின் தலையை உடைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபமூட்டியது அவர்களின் அலுவலகம் சொன்ன பதில். பெயர்த்த மண் உருளைகள் எங்கே என்று கேட்டேன்; இடம் அசுத்தமாகக் கூடாதென்று அள்ளிச் சென்றுவிட்டதாக, வேலை முடியும்வரை அங்கேயே நின்றிருந்த என்னிடமே கூசாமல் சொன்னார்கள். முறையாகச் செய்பவர்கள் அவற்றை அள்ளுவதே இல்லை. புல்லின் மேல் அப்படியே விட்டால் மழையிலும் நீர்ப் பாய்ச்சலிலும் சில வாரங்களில் உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் தரையெங்கும் மண் துண்டுகள் சிதறிக் கிடக்கவில்லையென்றால் மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்; முழுத் தொகையை முன்பணமாகக் கேட்பவர்களை அமர்த்தவே வேண்டாம்.

துளைகளை நிரப்ப என்று தனிக் கட்டணத்தில் மணல் தூவுவதையும் மறுத்துவிடுங்கள். களிமண்ணில் சிறிதளவு மணல் கலந்தால் அது இன்னும் கெட்டியாகக்கூடும். சலித்த மட்கிய உரமே நல்லது. ஆண்டுக்குப் பலமுறை செய்யும் ஒப்பந்தத்தையும் என்னிடம் வற்புறுத்தினார்கள். இறுகிய தரைக்கும் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஈர மண்ணில் திருப்புளி எளிதாக இறங்குகிறதென்றால் இப்போதைக்கு ஏரேஷனே தேவையில்லை.

தெளிப்பானுக்கான இழப்பீட்டை மட்டும், பல கடிதங்களுக்குப் பிறகு, கொடுத்தார்கள். என்னைப் போல் ஆணி முறையில் ஏமாற்றப்பட்டவர்கள் உடனே மறுபடி துளையிட அவசரப்பட வேண்டாம். அருகு போன்ற வெப்பக்காலப் புல்லுக்குக் கோடைத் தொடக்கமும், குளிர்காலப் புல்லுக்கு இலையுதிர்காலமும் ஏற்றவை. புல் வேகமாக வளரும் அப்பருவத்தில்தான் துளைகள் களைகளுக்கு இடம் கொடுக்காமல் விரைவில் மூடிக்கொள்ளும்.