ஏழு ஆண்டுகளாக ஒரு கற்பனைச் சபையின் பதவி ஏணியில்

நண்பர்களுடன் ஆடும் ஒரு கதை விளையாட்டுக்காக 2018-ல் வாங்கிய நீள நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் பதினான்கு படிகள் கொண்ட ஏணியை வரைந்திருக்கிறேன். அடியில் 'புகுமுகச் சீடன்', உச்சியில் 'பேரொளி மாவீரக் கோமான்'. அதே நோட்டின் பின்னட்டையில் இன்று ஆறு பதவிகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று துணிமணிகளைப் பார்த்துக்கொள்பவருடையது. முதல் பக்கத்திலிருந்து பின்னட்டைக்கு வந்து சேர ஏழு ஆண்டுகளும் ஒரு நண்பருடனான மனத்தாங்கலும் தேவைப்பட்டன.

நாங்கள் ஐந்து பேர். மாதம் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், 2014-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கற்பனைக் கதைக்குள் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு இது. கதையை நடத்துவது நான். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். 2020-ல் ஊரடங்கு வந்தபோது மேசையிலிருந்து கணினித் திரைக்கு மாறி, பிறகு மேசைக்கே திரும்பினோம். கதை முழுவதும் ஒரு மலைக்கணவாயைக் காக்கும் நைட்டுகளின், அதாவது குதிரைவீரர்களின், சபையைச் சுற்றி நடக்கிறது. கொடியில் நாரை இருப்பதால் நாரைச் சபை என்று அழைக்கிறோம். அந்தச் சபையில் யாருக்கு மேல் யார், யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்று நான் எழுதிய அமைப்பு நீண்ட காலப் பயன்பாட்டில் எப்படி இருந்தது என்று சொல்லப்போகிறேன். இப்படி ஒன்றை எழுதத் தொடங்குபவர்களுக்குப் பயன்படலாம்.

பதினான்கு படி ஏணி மூன்று ஆட்டங்கள் கூடத் தாங்கவில்லை. ஒருவருக்கும் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை. "அந்தப் பெரிய ஆளிடம் கேட்போம்", "அவருக்கும் மேலே இருக்கிற ஆளிடம் கேட்போம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்த பெயர்கள் அல்லவா? பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு பெயரும் ஆளின் உயரத்தை மட்டும் சொன்னது. காலையில் எழுந்ததும் அவர் என்ன வேலை செய்வார் என்று ஒரு பெயரும் சொல்லவில்லை.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். பாத்திரத்தின் பலம் கூடக் கூடப் பதவியும் ஏறும் என்று வைத்திருந்தேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல, இந்த விளையாட்டிலேயே இருந்த பழைய வழக்கம். 1978-ஆம் ஆண்டு விதிநூலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பட்டம் உண்டு. பாலடின் எனப்படும் புனித வீரன் வகைப் பாத்திரம் முதல் நிலையில் 'கேலன்ட்' எனப்படும். ஒன்பதாம் நிலையை எட்டினால்தான் 'பாலடின்' என்ற பெயரே கிடைக்கும். படிக்க அழகாக இருக்கிறது. ஆட்டத்தில் என்ன ஆகிறது என்றால், குகையில் நாலு பூதங்களைக் கொன்றுவிட்டு வருகிறவன், கோட்டையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய கிழவருக்கு மேலதிகாரி ஆகிவிடுகிறான். அந்தக் கிழவர் பேச்சை அவன் ஏன் கேட்க வேண்டும்? கட்டளைச் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து, நிஜ சபைகள் இதை எப்படிச் செய்தன என்று பார்க்க சிலுவைப்போர்க் காலத்து நைட்டுத் துறவிகளான டெம்ப்ளர்களின் ஒழுங்கு நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். 1129-ல் டுரோவா நகரில் கூடிய திருச்சபைக் கூட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட இலத்தீன் மூலத்தில் 72 விதிகள். பதவிகளைப் பற்றிய விரிவான பகுதிகள் பிற்பாடு பிரெஞ்சில் சேர்ந்தவை. வீரம், மானம், வாள் என்று எதிர்பார்த்துப் போனேன். பதவிப் பகுதி குதிரைக் கணக்கோடு ஆரம்பித்தது. தலைவரான மாஸ்டருக்கு நான்கு குதிரைகள். அவருடன் ஒரு குருவானவர், ஓர் எழுத்தர், ஒரு லாடம் கட்டுபவர், அரபு எழுதத் தெரிந்த ஒருவர், ஒரு சமையல்காரர். சாதாரண நைட்டுக்கு மூன்று குதிரைகள், ஒரு பணியாள். நான்காவது குதிரை மாஸ்டர் மனம் வைத்தால் உண்டு. வெள்ளை மேலங்கி நைட்டுகளுக்கு மட்டும். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட சகோதரர்களான சார்ஜென்ட்டுகளுக்குக் கறுப்போ பழுப்போ.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விதி. கருவூலத்தின் சாவியையும் பூட்டையும் மாஸ்டர் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது! நிலத்தை விற்கவோ தானம் செய்யவோ, போர் தொடங்கவோ அவர் சகோதரர்களின் கூட்டத்தைக் கேட்க வேண்டும். உச்சியில் இருப்பவரின் கையில் சாவி இல்லை. இந்த ஒரு வரியில் நான் எழுதிய பதினான்கு பட்டங்களை விட அதிகக் கதை இருந்தது.

அன்றிரவே ஏணியைக் கைவிட்டுவிட்டு ஒவ்வொரு பதவிக்கும் மூன்றே கேள்விகள் எழுதினேன். எத்தனை குதிரை? எந்தச் சாவி? யாரைக் கேட்காமல் எதைச் செய்ய முடியாது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத பதவிகள் தாமாகவே உதிர்ந்தன. மிஞ்சியவர்கள் அதிபர், படையையும் குதிரைகளையும் பார்க்கும் மார்ஷல், கோட்டைத் தலைவர், உடைக்காப்பாளர், கொடிக்காரர், அவர்களுக்குக் கீழே சகோதரர்கள்.

உடைக்காப்பாளர் என்றதும் சிரித்தார்கள். டெம்ப்ளர்களிடம் இது விளையாட்டுப் பதவி இல்லை. மாஸ்டருக்கும் மார்ஷலுக்கும் அடுத்து மற்றச் சகோதரர்கள் அனைவருக்கும் மேலானவர் உடைக்காப்பாளர்தான் என்கிறது ஒழுங்கு நூல். அங்கிகள் மிக நீளமாகவோ குட்டையாகவோ இல்லாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. எங்கள் கதையில் பனிக்காலத்தில் கணவாயைக் கடக்க நான்கு கம்பளி அங்கிகள் தேவைப்பட்டன. உடைக்காப்பாளர், பல் போன கிழவர், மூன்றுதான் தருவேன் என்றார். போன தடவை வாங்கியதில் ஒன்று திரும்பி வரவில்லையாம். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், அதிபரிடம் போனார்கள். அதிபரோ தமக்கும் புது அங்கி கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது என்று கையை விரித்தார். அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த ஆட்டம் இரவு ஒரு மணி வரை போனது. டிராகனைக் கொன்ற நாளை மறந்துவிட்டார்கள், அங்கிக் கிழவரை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'மாஸ்டர்' என்று வைத்துப் பார்த்தோம். யாராவது பயபக்தியோடு "மாஸ்டர்!" என்று அழைத்தால் மேசையின் இன்னொரு மூலையிலிருந்து "இரண்டு பரோட்டா" என்று குரல் வரும். அதிபர் ஆக்கினேன். சபை என்ற சொல் மட்டும் முதல் நாளிலிருந்தே கச்சிதமாகப் பொருந்தியது. துறவற அமைப்புகளைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அழைக்கும் சொல்தானே. ஆனால் சபைக்கு மார்ஷல் என்று ஒருவரை வைத்ததும், உறுப்பினர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடும் சட்டசபைக் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. 'தண்டநாயகர்' என்று மாற்றினேன். அடுத்த ஆட்டத்திலேயே பனிமலை மறைந்து கதை காவிரிக் கரைக்குப் போய்விட்டது. மார்ஷலையே திரும்பக் கொண்டுவந்தேன். அந்தச் சொல்லின் பழைய ஜெர்மானிய வேர் 'குதிரைப் பணியாள்' என்பதுதான் என்று தெரிந்தபின் அதன் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

இனி, இந்த அமைப்பின் பெரிய கோளாறு. இரண்டாம் ஆண்டில் நண்பர் ஒருவரின் பாத்திரம் மார்ஷல் ஆனது. நல்ல மனிதர், வங்கியில் வேலை. மார்ஷல் ஆன மறுநாளிலிருந்து மற்ற மூன்று பாத்திரங்களுக்கும் உத்தரவு போட ஆரம்பித்தார். நீ கதவருகே நில், நீ பேசாதே, நீ மருந்தை எனக்குக் கொடு. சூனியக்காரியாக ஆடும் என் தங்கை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் உங்கள் சபையில் சோறு தின்னவில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டாள். பாத்திரமாகச் சொன்னாளா, சொந்தக் குரலில் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு சனிக்கிழமைகள் வீணாயின.

கற்பனைக் கதையில் இராணுவப் பதவி வைக்கிற எல்லோரும் இந்தக் குழியில் ஒருமுறை விழுவார்கள் என்று நினைக்கிறேன். கதைக்குள் கீழ்ப்படிவது அழகு. மேசையில் அது ஒருவர் ஆடுவதும் மூவர் வேடிக்கை பார்ப்பதுமாக ஆகிவிடுகிறது.

தீர்வும் பழைய நூலிலேயே இருந்தது. டெம்ப்ளர்களில் போர்க்களத்தில் ஆயுதம் ஏந்திய சகோதரர்கள் மார்ஷலின் உத்தரவில் வருவார்கள். சபை வீடுகளின் அன்றாட நிர்வாகம் அந்தந்த வீட்டின் தலைவரான கமாண்டரிடம். தாக்கும் நேரத்தில் மார்ஷல் கொடியைக் கையில் எடுப்பார். அதைக் காக்க ஐந்து, ஆறு முதல் பத்து நைட்டுகள் வரை சுற்றி நிற்பார்கள். அந்தக் கொடி விழுந்துவிட்டால் விரிப்பதற்காக, ஈட்டியில் சுற்றிய இன்னொரு கொடி ஒரு கமாண்டரிடம் தயாராக இருக்கும். அனுமதி இல்லாமல் அணியை விட்டு யாரும் நகரக் கூடாது. விலக்குகள் உண்டு: சேணம் சரியாக இருக்கிறதா என்று குதிரையைச் சற்று ஓட்டிப் பார்க்கலாம், எதிரியிடம் சிக்கி உயிராபத்தில் இருக்கும் கிறிஸ்தவன் ஒருவனைக் காப்பாற்றப் போகலாம், போய்விட்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நாரைக் கொடி ஏறியிருக்கும் வரை மார்ஷலின் சொல் சட்டம். இறங்கிவிட்டால் அவர் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரர், அவ்வளவுதான். மேசையில் நிஜமாகவே ஒரு சிறிய துணிக்கொடி வைத்திருக்கிறோம். இது வந்த பிறகு சண்டை இல்லை. கொடியை எப்போது ஏற்றலாம் என்பதில் மட்டும் சண்டை. அது நல்ல சண்டை.

மார்ஷல் நண்பருக்கு நான் ஓர் அநியாயமும் செய்திருக்கிறேன். 1187 மே 1-ஆம் தேதி நாசரேத்துக்குப் பக்கத்தில் கிரெசன் ஊற்றருகே நடந்ததைப் படித்துவிட்டு அதைக் கதையில் பயன்படுத்தினேன். அன்று டெம்ப்ளர் மாஸ்டர் ஜெரார்டு டி ரிட்ஃபோர்ட்டிடம் இருந்தது நூற்று முப்பது சொச்சம் நைட்டுகள். எதிரே சுல்தான் சலாவுதீனின் பெரும்படை. பின்வாங்கச் சொன்ன சகவீரர் ஜாக் டி மையியை ஜெரார்டு கோழை என்று குத்திக்காட்டியதாக ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. தாக்கினார்கள். டி மையி இறந்தார், உடன் வந்த, ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு நைட்டுச் சபையின் மாஸ்டர் ரோஜர் டி மூலாவும் இறந்தார். ஜெரார்டு மட்டும் ஒரு சிலரோடு தப்பினார். என் கதையில் அதிபர் அதே போல மார்ஷலைக் கோழை என்றார். நண்பரும் ரோஷத்தோடு குதிரையைத் தட்டிவிட்டார். மூன்றாண்டுப் பாத்திரம் பத்து நிமிடத்தில் செத்தது. அவர் ஒரு மாதம் ஆட வரவில்லை.

தவறு என்னுடையது. உத்தரவு போடும் உரிமையை எழுதி வைத்தேன், மறுக்கும் வழியை எழுதவில்லை. இப்போது எங்கள் சபையில், உத்தரவு தவறு என்று தோன்றினால் மார்ஷல் கையுறையைக் கழற்றிக் கீழே போடலாம். போட்டால் மூன்று சகோதரர்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இது டெம்ப்ளர்களிடம் இல்லை, நான் கட்டியது. அதன் பிறகு இரண்டே முறை கையுறை விழுந்திருக்கிறது.

இந்த அமைப்பிலிருந்து கிடைத்த உச்சபட்ச மகிழ்ச்சி தேர்தல்தான். டெம்ப்ளர் மாஸ்டரைப் பதின்மூன்று பேர் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் இருவர், அவர்கள் இரவு முழுவதும் ஜெபத்தில் இருந்து இன்னும் இருவரைச் சேர்ப்பார்கள். இப்படி இரண்டிரண்டாகப் பன்னிருவர் ஆகும் வரை, திருத்தூதர் கணக்கில். கடைசியாக ஒரு குருவானவர். பதின்மூவரில் எட்டுப் பேர் நைட்டுகள், நான்கு பேர் சார்ஜென்ட்டுகள். அந்த நான்கு ஓட்டுகளைக் கவனியுங்கள். நான்கு வருடமாகக் குதிரையைக் கட்டு, தண்ணீர் கொண்டுவா என்று விரட்டப்பட்ட பழுப்பு அங்கிக்காரர்களிடம், எங்கள் அதிபர் இறந்த இரவில், வெள்ளை அங்கிகள் வந்து நலம் விசாரித்தன! மூன்று ஆட்டங்கள் அந்தத் தேர்தலிலேயே போயின. ஒரு வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை. யாருக்கும் சலிக்கவும் இல்லை.

ஹாஸ்பிட்டலர்களிடமிருந்தும் ஒன்றைக் கடன் வாங்கிப் பார்த்தேன். ரோட்ஸ், மால்டா தீவுகளில் இருந்தபோது அவர்கள் 'நாக்கு' என்ற பெயரில் பிரதேசவாரியாகப் பிரிந்திருந்தார்கள்; இன்ன பதவி இன்ன நாக்குக்கு என்று இருந்தது. கடற்படைத் தளபதி இத்தாலிய நாக்கின் தலைவர், மார்ஷல் ஓவெர்ன் நாக்கின் தலைவர். பகைக்கு அருமையான விதை. ஆனால் ஐந்து பேர் ஆடும் மேசைக்கு எட்டு நாக்குகள் தாங்காது. புதிதாக வந்த ஒருவர் முதல் நாளே குறிப்பேடு கேட்டார். கைவிட்டுவிட்டேன்.

இன்றும் சரியாகாத குறைகள் உண்டு. குதிரைக் கணக்கு எழுதுவது ஒரு வேலை; நான் சோம்பினால் எல்லாம் குலைகிறது. சாவிகள் அதிகமானதால், ஒரு கதவைத் திறக்க மூன்று பேரைத் தேடி அலையும் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. அது அரசு அலுவலகத்துக்குப் போன மாதிரி இருக்கிறது என்று தங்கை சொன்னாள், பாராட்டாக அல்ல. இரண்டு மூன்று இரவுகளில் முடியும் சிறு கதைக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு தலைவர், அவருக்குப் பிடிக்காத ஒரு துணைத்தலைவர் போதும்.

அங்கிக் கிழவர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். தங்கையின் சூனியக்காரி சபையில் சேர்ந்து அந்தப் பதவியை வாங்கிக்கொண்டாள். மார்ஷல் நண்பரின் புதுப் பாத்திரம் இப்போது சாதாரணச் சகோதரன். வரும் சனிக்கிழமை அவனுக்கு ஓர் அங்கி தேவைப்படுகிறது. பழையதைக் காட்டினால்தான் புதியது என்று அவள் இப்போதே சொல்லி அனுப்பிவிட்டாள்.