பழைய ஃபயர் ஸ்டேஷன்: ஓட்டலா, சினிமாக் கொட்டகையா, ஃபயர் ஸ்டேஷனாகவேவா?

பழைய தீயணைப்பு நிலையத்தின் வாசலை அளந்து பார்த்தாலே அதன் கதை பாதி தெரிந்துவிடும். குதிரை வண்டிக்காக வைத்த வாசல் அது. அப்புறம் மோட்டார் வந்தது, ஏணி நீண்டது, தண்ணீர்த் தொட்டி பெருத்தது. வண்டி வளர்ந்துகொண்டே போக, வாசல் மட்டும் கட்டிய நாளில் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் புது வண்டி உள்ளே நுழையாது. அன்றைக்கு ஊராட்சிக்காரர்கள் முன்னால் கேள்வி வந்து நிற்கும்: இந்தக் கட்டடத்தை என்ன செய்வது?

உலகத்தின் பல ஊர்கள் இதற்குப் பல பதில் சொல்லியிருக்கின்றன. அவற்றில் சிலதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் கட்டடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான், எது அதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பேச முடியும்.

19-ம் நூற்றாண்டுத் தீயணைப்பு நிலையம் என்பது பாதி லாயம், பாதி விடுதி. கீழே வண்டியும் குதிரைகளும், மேலே ஆட்கள் படுக்கும் கூடம், அதற்கும் மேலே வைக்கோல் பரண். குதிரை படியேறி மேலே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சுழல் படி வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஆபத்து நேரத்தில் சுழல் படியில் இறங்கினால் தலைதான் சுற்றும். 1878-ல் சிகாகோவில், கறுப்பின வீரர்களைக் கொண்ட 21-ம் எண் குழுவின் கேப்டன் டேவிட் கென்யன், வைக்கோல் வேலைக்கு வைத்திருந்த கம்பத்தைப் பிடித்து ஓர் ஆள் சர்ரென்று வழுக்கி இறங்குவதைப் பார்த்தார். தரையில் ஓட்டை போட்டு நிரந்தரமாக ஒரு கம்பம் நட்டுவிட்டார். சினிமாவிலும் கார்ட்டூனிலும் நாம் பார்த்துப் பழகிய அந்தக் கம்பம் பிறந்தது அப்படித்தான். கட்டடத்தோடு ஒரு கோபுரமும் இருக்கும். பார்க்க அழகாக இருந்தாலும் அது அழகுக்காகக் கட்டியதல்ல. நனைந்த துணிக் குழாய்களைச் சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். அவற்றை நீளமாகத் தொங்கவிட்டுக் காயப்போட உயரம் வேண்டும். அந்த உயரம் இருக்கவே இருக்கிறதே என்று, மேலே ஓர் ஆளை நிறுத்தி ஊரில் எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

ஆக, கையில் இருப்பது கீழே ஓர் அகலமான கூடம், தெருவைப் பார்த்த பெரிய கதவு, கனமான வண்டி தாங்கும் தரை, மேலே அறைகள். ஓட்டல்காரருக்கும் பிடிக்கும், நாடகக்காரருக்கும் பிடிக்கும். போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வழி: எதுவாகவும் மாற்றாமல் விட்டுவிடுவது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் உள்ள மத்திய தீயணைப்பு நிலையம். 1908-ல் கட்டி முடித்தது. சிங்கப்பூரில் இன்றைக்கு நிற்கும் தீயணைப்பு நிலையங்களில் இதுதான் மிகப் பழையது. சிவப்புச் செங்கல்லும் நடுநடுவே வெள்ளைப் பட்டையுமாக இருக்கும். ‘ரத்தமும் கட்டுத்துணியும்’ என்று இந்தப் பாணிக்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆபத்துக்கு உதவுகிறவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துத்தான் வைத்தார்களா, தற்செயலா தெரியாது. 1998-ல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2001-ல் ஒரு பகுதியைக் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடமாக்கினார்கள். மீதிப் பகுதியிலிருந்து இன்றைக்கும் வண்டி புறப்படுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, காட்சிப் பொருளும் வேலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது. ஒரு பக்கம் பழைய வண்டியைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் வண்டி எந்த நிமிடமும் கிளம்பும். சனிக்கிழமை காலைகளில் நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கமும் உண்டு. நாலு வயதுப் பிள்ளை தன் தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயைப் பிடிக்க, பின்னால் ஓர் ஊழியர் குழாயோடு சேர்த்துப் பிள்ளையையும் பிடித்துக்கொண்டிருப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஹெல்மெட்டை அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த ஊர் அது. அங்கே தீயணைப்பு நிலையம் வெறும் பழம்பொருள் ஆகிவிடாமல் இருப்பது சரிதான்.

குறை இல்லாமல் இல்லை. நினைவுச்சின்னம் என்று முத்திரை விழுந்துவிட்டால் சுவரில் ஆணி அடிக்கவும் யோசிக்க வேண்டும். வாசலை இன்னும் இரண்டடி அகலப்படுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரு ஒத்துழைத்து, வண்டியும் நுழைகிற வரைக்கும்தான் இந்த வழி.

நுழையாவிட்டால்? இரண்டாவது வழியைப் பார்க்க நியூயார்க் லஃபாயெட் தெருவுக்குப் போகலாம். 87-ம் எண் கட்டடம் 1895-ல் 31-ம் எண் எஞ்சின் குழுவுக்காகக் கட்டியது. பிரெஞ்சுப் பிரபுவின் மாளிகை வழிதவறி மன்ஹாட்டனுக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். கூம்புக் கூரை, மூலையில் சிறு கோபுரம், கீழே வரிசையாக மூன்று வண்டி வாசல். கட்டியவர்கள் நெப்போலியன் லெப்ரன் நிறுவனத்தார். நகரத் தீயணைப்புத் துறைக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் நிலையங்கள் கட்டித் தந்தவர்கள். நியூயார்க்கில் கடைசிக் குதிரைகள் 1922 டிசம்பரில் ஓய்வு பெற்றன. இந்த நிலையம் அதையும் தாண்டி ஐம்பது வருடம் ஓடி, 1972-ல் நின்றது.

அதே 1972-ல் ஜான் ஆல்பர்ட், கெய்கோ சுனோ என்ற தம்பதி பக்கத்துச் சைனாடவுனில் ஒரு சமூகத் தொலைக்காட்சி மையம் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தாருக்கு வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுப்பது, எடுத்ததைப் பழைய தபால் வண்டி ஒன்றில் டி.வி. பெட்டிகளை வைத்துத் தெருவோரம் போட்டுக் காட்டுவது, இதுதான் வேலை. பின்னாளில் அந்த மையம் குடிபுகுந்தது இந்தத் தீயணைப்பு நிலையத்துக்குள். 2022-ல் கீழ்த்தளத்தில் ஆவணப்படத்துக்கென்றே 67 இருக்கை உள்ள ஒரு சின்னக் கொட்டகையைத் திறந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் இப்போது திரை.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் இங்கே தீயணைப்பு என்ற தொழில் போய்விட்டது, கொட்டகையின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று மிச்சம். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் எவரும் அந்த வாசலுக்குள் போகலாம், ஏதாவது கற்றுக்கொண்டு வரலாம். தீயணைப்பு நிலையம் முதலில் இருந்ததும் அப்படித்தானே, எல்லோருக்கும் பொதுவாக. இந்த வழியின் பலவீனம் பணம். நன்கொடையும் மானியமும் திரட்டித்தான் கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டகை திறக்கவே ஐம்பது வருடம் ஆனதில் ஆச்சரியமில்லை.

அதே ஊரில் வூஸ்டர் தெரு 99-ம் எண்ணையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதுவும் லெப்ரன் கட்டியதுதான், 1881-ல். 1971-ல் ஒருபால் ஈர்ப்பாளர் உரிமை அமைப்பு ஒன்று வாடகைக்கு எடுத்து அரசியல் கூட்டமும் நடனமுமாக நடத்தியது. 1974-ல் யாரோ தீ வைத்தார்கள். ஃபயர் ஸ்டேஷனுக்கே தீ. இப்போது கீழே கடை. 2019-ல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது, தீயணைப்பு வீரர்கள் இருந்த தொண்ணூறு வருடத்தைவிட அந்த மூன்று வருட வாடகைக் கதைதான் பெரிதாகப் பேசப்பட்டது.

மூன்றாவது வழி ஓட்டல். டெட்ராய்ட்டில் 1929-ல் கட்டிய தீயணைப்புத் தலைமையகம், ஐந்து மாடி. நகரமே திவாலான 2013-ல் துறை அதைக் காலி செய்தது. 2017-ல் 100 அறை உள்ள ஓட்டலாகத் திறந்தார்கள். வண்டிகள் நின்ற கீழ்க்கூடம் சாப்பாட்டுக் கூடமாயிற்று. லண்டனில் சில்டர்ன் தெருவில் உள்ளது அதற்கும் மூத்தது. 1889-ல் கட்டிய மான்செஸ்டர் சதுக்க நிலையம், 2005-ல் மூடியது. 2014-ல் உணவகம் திறந்ததும் நட்சத்திரங்களும் அரசியல் தலைவர்களும் வந்துபோகும் இடமாகி, வாசலில் புகைப்படக்காரர்கள் காத்துக்கிடந்தார்கள். அறைகள் மொத்தம் 26.

இரண்டும் ஓட்டல்தான், ஆனால் ஒன்றல்ல. டெட்ராய்ட்டில் வெறிச்சோடிய ஒரு நகர மையத்துக்கு இரவு விளக்கு எரிய ஓர் இடம் கிடைத்தது. ஐந்து மாடிக் கட்டடத்தை சினிமாக் கொட்டகையும் வகுப்பறையும் வைத்து நிரப்ப முடியாது. கட்டடத்தின் அளவே அங்கே பதிலைத் தீர்மானித்துவிட்டது. லண்டனில் அப்படி ஒரு நெருக்கடி இல்லை. சில்டர்ன் தெரு இருக்கும் மேரிலபோன் ஏற்கெனவே செல்வம் கொழிக்கும் பகுதி. செங்கல்லைத் துடைத்துப் பளிச்சென்று வைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் எவர் வீட்டில் தீப்பிடித்தாலும் ஓடிவந்தவர்களின் கதவு, மேஜை கிடைத்தவர்களின் கதவாகிவிட்டது.

2025 பிப்ரவரி 14, காதலர் தினம். அந்த லண்டன் ஓட்டலிலேயே தீப்பிடித்தது. ஏறத்தாழ 100 பேரை வெளியேற்றினார்கள், நல்லவேளை யாருக்கும் காயமில்லை. 20 வண்டிகளும் 125 தீயணைப்பு வீரர்களும் வந்து அணைத்தார்கள். வந்த வண்டிகள் எல்லாம் வேறு நிலையங்களிலிருந்துதான் வர வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், வண்டி நுழைகிற வரை ஃபயர் ஸ்டேஷனாகவே இருக்கட்டும்; ஒரு மூலையில் பழசைக் காட்டிக்கொள்ளலாம். நுழையாத சின்னக் கட்டடம் என்றால் கொட்டகை, வகுப்பு, நூலகம் என்று ஏதாவது. பெரிய தலைமையகம் என்றால் ஓட்டலுக்குக் கொடுங்கள். ஆனால் கீழ்த்தளக் கூடம் தெருவில் போகிறவர் ஒரு காபி குடித்துவிட்டு வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நான்காவது ஒரு வழி உண்டு. யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, தானாக நடந்துவிடும். மான்செஸ்டரில் பிக்கடிலி ரயில் நிலையத்துக்கு எதிரே லண்டன் சாலைத் தீயணைப்பு நிலையம். 1906-ல் திறந்தபோது ஒரு குட்டி ஊர் அது. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், ஒரு வங்கி, மர்ம மரணங்களை விசாரிக்கும் நீதிமன்றம், எரிவாயு மீட்டர் சோதிக்கும் இடம்கூட ஒரே கட்டடத்துக்குள். நடு முற்றத்தைச் சுற்றி வீரர்களின் குடும்பங்கள் குடியிருந்தன. மணி அடித்தால் அப்பா கிளம்புவதைப் பிள்ளைகள் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம்.

1986-ல் மூடினார்கள். அதே வருடம் ஓர் ஓட்டல் நிறுவனம் வாங்கியது. வாங்கியதோடு சரி. வருடங்கள் போயின, கூரை ஓட்டைகள் பெருகின, 2001-ல் அழியும் நிலையில் உள்ள கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தப் பார்த்தது. 2011-ல் அந்த முயற்சி தோற்றது. 2015-ல்தான் வேறு கைக்கு மாறியது. எண்பது வருடம் ராப்பகலாகத் திறந்து மூடிய கதவுகள், அதற்கப்புறம் முப்பது வருடம் பூட்டியே கிடந்தன. விற்கிற ஊராட்சிகள் விலையைப் பேசுகிற அதே மேஜையில், எந்தத் தேதிக்குள் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் எப்போது திரும்ப வரும் என்பதையும் பேசி எழுதிக்கொள்வது நல்லது.