பைப்பில் திரும்பி வரும் தண்ணீரும் உப்பும்: ஒரு சாயப்பட்டறைக்காரரின் மதிப்பீடு

திருப்பூரில் புதிதாகச் சாயப்பட்டறை எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, சுத்திகரித்துத் திரும்பி வருகிற தண்ணீரில் ஷேடு (துணிக்குக் கேட்ட நிறம்) நிற்குமா என்பதைத்தான். அடுத்த கேள்வி, மாசம் பில் எவ்வளவு வரும். நான் டையிங் மாஸ்டராக வேலை பார்த்து, பிறகு மச்சானோடு சேர்ந்து பட்டறை நடத்துகிறவன். நாங்கள் உறுப்பினராக இருக்கிற பொது சுத்திகரிப்பு நிலையம் எங்களுக்குத் தருகிற மூன்று சரக்கைப் பற்றி எழுதுகிறேன்: ஆர்.ஓ. தண்ணீர் (மெம்பரேன் என்கிற சவ்வு வழியாக உப்பைப் பிரித்த தண்ணீர்), பிரைன் (கெட்டியான உப்புக் கரைசல்), கிளாபர் உப்பு (சாயத்துக்குப் போடுகிற சோடியம் சல்பேட்). நிலையத்தின் பெயர் வேண்டாம். நல்லதும் குறையும் இரண்டுமே இதில் வருகிறது.

தொழிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். தண்ணீரில் பருத்தி, சாயம் இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம், ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு போட்டால்தான் சாயம் துணிப் பக்கம் போகும். டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுகிறோம். ஒரு தடவை ஏற்றுகிற துணி (லாட்) 500 கிலோ, கிலோவுக்கு 6 லிட்டர் என்று சாயத் தண்ணீர் (பாத்) 3,000 லிட்டர், லிட்டருக்கு 70 கிராம் என்றால் ஒரே லாட்டுக்கு 210 கிலோ உப்பு. அந்த உப்பு துணியில் பிடித்து நிற்காது. வேலை முடிந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவும் கழிவுநீரில்தான் இருக்கும்.

அந்தக் காலத்தில் அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. சாயத்தின் நிறத்தைப் போக்குவது ஓரளவு சுலபம். கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரிய வேலை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றில் விட அனுமதித்த டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பட்டறையிலிருந்து வரும் கழிவுநீரில் அது பல ஆயிரம் இருக்கும். நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில், கடைசியில் விவசாயிகளே தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று சொல்லும் நிலைமை வந்தது. சென்னிமலைப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினால் பயிர் கருகுகிறது என்று அவர்கள் சொல்லும்போது, சாயத்தொழிலில் இருக்கிற எனக்குப் பதில் இருக்காது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28-ஆம் தேதி பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொல்லி, கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. துணி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் லாரி ஏறியது. பாய்லர் ஆள், ஹெல்பர் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களை இதற்கு மேல் நீட்ட வேண்டாம். அதற்குப் பிறகு வந்த சரக்கைத்தான் நான் மதிப்பிடுகிறேன்.

முதலில் ஆர்.ஓ. தண்ணீர். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: முழு மார்க். முன்பெல்லாம் டேங்கர் லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து ஹார்ட்னஸ் (தண்ணீரின் கடினத்தன்மை) மாறும். காலையில் ஒரு லாரி, மத்தியானம் வேறு லாரி. லேப் டிப்பில் (சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கிற சோதனையில்) வந்த ஷேடு பல்க்கில் (முழு லாட்டில்) வராது. அதைச் சமாளிக்க, ஹார்ட்னஸை எடுக்கிற சாஃப்ட்னர் வைத்தோம். சாஃப்ட்னரைக் கழுவி மறுபடி தயார் செய்யவும் உப்புதான் வேண்டும், அந்த உப்பும் கழிவுநீரிலேயே சேர்ந்தது. இப்போது வருகிற ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். பெரும்பாலும் 200, 300-க்குள் நிற்கிறது. ஹார்ட்னஸ் இல்லை என்றே சொல்லலாம். கடினத் தண்ணீரில் மங்கிப்போகிற டர்க்காய்ஸ் மாதிரி ஷேடுகளை ஹார்ட்னஸ் பயமில்லாமல் எடுக்க முடிகிறது. சோப்பிங்கில் (சாயம் போட்ட துணியைச் சோப்பு விட்டு அலசுவதில்) அழுக்குப் படிவு இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தியிருக்காவிட்டால் இப்படி ஒரு தண்ணீரை எந்தப் பட்டறைக்காரரும் தானாகக் காசு போட்டு வாங்கியிருக்க மாட்டார். நானும் வாங்கியிருக்க மாட்டேன்.

இனி பிரைன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் பிரிந்த பிறகு மிஞ்சுவது கெட்டியான உப்புத் தண்ணீர். ஆரம்பத்தில் அதை அப்படியே ஈவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக்கத்தான் பார்த்தார்கள். விறகும் கரண்ட்டும் அள்ளிக்கொண்டு போனது, மெஷினும் தாக்குப்பிடிக்கவில்லை. அப்போது வந்த யோசனைதான், காய்ச்சாமல் அந்தத் தண்ணீரின் நிறத்தையும் ஹார்ட்னஸையும் எடுத்துவிட்டு, உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்புவது. திருப்பூர் பக்கத்து அருள்புரம் பொது நிலையத்தில் இது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் நம்பிக்கை வந்தது. எப்படியும் நாங்கள் உப்பைத் தண்ணீரில் கரைத்துத்தானே மெஷினில் விடுகிறோம், கரைத்ததாகவே வந்தால் இன்னும் நல்லது. மூட்டை தூக்கும் வேலையும் குறைந்தது.

ஆனால் மூட்டை உப்பில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. பிரைன் வலு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் பாத்தில் இடம் மிஞ்சும். அதே 3,000 லிட்டர் பாத், லிட்டருக்கு 70 கிராம் தேவை. பிரைன் லிட்டருக்கு 100 கிராம் இருந்தால் 2,100 லிட்டர் விட்டால் போதும். மீதி 900 லிட்டரில் சாயம் கரைக்க, சாயத்தைத் துணியில் நிலைக்க வைக்கிற சோடா கரைக்க, துணி நனைந்து வர எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். பிரைன் 80 கிராமுக்கு இறங்கிவிட்டால் 2,625 லிட்டர் விட வேண்டும், மிஞ்சுவது 375 லிட்டர்தான். அதில் நேவி, பிளாக் மாதிரி சாயம் அதிகம் உள்ள லாட்டைக் கரைத்துப் பாருங்கள், தெரியும். அப்போது கிளாபர் உப்பு மூட்டையை உடைத்துச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. செலவு இரண்டு பக்கமும் விழும்.

எங்கள் நிலையத்தின் மேல் எனக்குள்ள முதல் குறை இதுதான். வலு குறைவது சில நாள் நடக்கும், மெஷின் வேலை, மெம்பரேன் கழுவுவது என்று காரணம் இருக்கும், அது புரிகிறது. குறைகிறது என்று முன்கூட்டி ஒரு போன் கூட வராததுதான் பிரச்சினை. ராத்திரி ஷிஃப்ட்டில் நேவி லாட் ஏற்றத் தயாராக இருக்கும்போது, எங்கள் லேப் தம்பி ஹைட்ரோமீட்டரை ஜாடியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, பிரைனு லேசா இருக்குதுங்ணா, இதுல ஏத்துனா ஷேடு நிக்காதுங்ணா" என்றான். மெஷின் நிறுத்தி, ரெசிபி மாற்றி, மூட்டை எடுத்து வரச் சொல்லி, பாத்தை மறுபடி கட்டி முடிக்க விடிந்துவிட்டது. அவன் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த லாட் முழுக்க ரீ-டையிங்தான். ரீ-டையிங் என்றால் மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி கழிவுநீர். சுத்திகரிப்பு நிலையத்துக்கே அது கூடுதல் பாரம். ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

ஹைட்ரோமீட்டரையும் முழுசாக நம்ப முடியாது. அது கரைசலின் அடர்த்தியைத்தான் காட்டும். சோடியம் சல்பேட் தவிர வேறு என்ன கரைந்திருந்தாலும் அளவு கூடித்தான் தெரியும். அதனால் லேப் ரிப்போர்ட்டும் சேர்த்து வாங்குங்கள்.

பிரைன் எடுத்தால் சாயம் போடும் முறையையே மாற்ற வேண்டும் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முறையில் முதலில் சாயத்தை ஓடவிட்டு, துணி முழுக்கப் பரவிய பிறகு உப்பைத் தவணையாகப் போடுவோம். பிரைனில் உப்பு முதலிலேயே பாத்தில் நிற்கிறது. சாயம் உள்ளே வந்தவுடன் துணியைப் பிடிக்கப் பார்க்கும். அவசரமாக விட்டால் திட்டுத் திட்டாக ஏறும். டோஸிங் டேங்க்கில் கரைத்து மெதுவாக, கூடிக்கொண்டே போகிற மாதிரி விட வேண்டும். பி.ஹெச். பார்க்காமல் ஏற்றவே கூடாது. பிரைனில் காரத்தன்மை மிச்சமிருந்தால் சோடா போடுவதற்கு முன்பே சாயம் பிடித்துவிடும், அப்புறம் அந்தத் திட்டு போகாது. நாங்கள் அசெட்டிக் ஆசிட் விட்டு 6.5-க்கும் 7-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகுதான் சாயம் திறக்கிறோம். குளோரின் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது சாயத்தையே கெடுத்துவிடும்.

லைட் ஷேடுக்கு இன்னொரு சோதனை உண்டு. பிரைனை வெள்ளை டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் லேசான மஞ்சள் தெரியும். அது துணியில் ஏறுமா என்பதுதான் கேள்வி. ப்ளீச் செய்த துணியில் இரண்டு பிட் வெட்டி, ஒன்றைப் பிரைனிலும் ஒன்றை ஆர்.ஓ. தண்ணீரிலும் சாயம் இல்லாமல் ஓட்டி, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்குப் பேபி பிங்க், ஸ்கை ப்ளூ எதுவும் பிரைனில் கிடையாது, கிளாபர் உப்புதான். டார்க்குக்கு அந்தப் பிரைனே தாராளமாகப் போதும். மொத்தத்தில் வலு, பி.ஹெச்., குளோரின் பார்த்துவிட்டால் டார்க் ஷேடுக்குப் பிரைனைத் தயங்காமல் எடுக்கலாம், மீடியத்துக்குச் சோதித்து எடுக்கலாம், லைட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளாபர் உப்பு பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கரைசலைக் குளிரவைத்தால் அது தனியாகப் படிகமாக விழுகிறது, சுத்தமாக இருக்கிறது, மூட்டையில் வருகிறது, வேலை செய்கிறது. ஈரப்பதம் மட்டும் மூட்டைக்கு மூட்டை மாறும், எடையை நம்பி ரெசிபி போடாமல் கரைத்து அளந்து போடுங்கள்.

பில்லுக்கு வருவோம். மீட்டரில் ஓடுகிற கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் கட்டணம். கணக்குக்கு 25 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயப் பாத், அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோ துணிக்கு 50 லிட்டர் ஓடினால் 12 ரூபாய் 50 பைசா சுத்திகரிப்புக்கே போகிறது. பழைய வின்ச் மெஷினை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கில் தொழில் செய்யவே முடியாது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் திருப்பூரில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த மீட்டரும் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மீட்டர் சீல் வைத்தது, ஆன்லைனில் வாரியம் பார்க்கிறது, பில்லில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அந்த விஷயத்தில் எங்கள் நிலையத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மனசு வலிப்பது வேறு இடத்தில். லைசென்ஸ் இல்லாமல் எங்கோ தோட்டத்துக்குள் ஷெட் போட்டு, ராத்திரியில் சாயம் போட்டு, மழை பெய்யும்போது பள்ளத்தில் திறந்துவிடுகிறவர்களுக்கு இந்த 12 ரூபாய் 50 பைசா கிடையாது. அவர்கள் எங்களைவிடக் குறைந்த ரேட்டில் ஜாப் ஒர்க் (மற்றவர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடுவது) எடுக்கிறார்கள். அவர்களிடம் துணி கொடுப்பவர்களும் நம்ம ஊர் கம்பெனிக்காரர்கள்தான். அதிகாரிகள் போய் இடித்துவிட்டு வருகிறார்கள், கொஞ்ச நாளில் வேறு தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. சாயம் போட வந்த துணி எந்த நிலையத்தின் மீட்டர் வழியாகப் போனது என்பதை ஜாப் ஒர்க் பில்லிலேயே காட்ட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தால் பாதி அடங்கும். வெளிநாட்டு பையர்கள் ஏற்கெனவே அதைக் கேட்கிறார்கள், ஆடிட்டுக்கு வந்தால் மீட்டரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உள்நாட்டு மார்க்கெட்டுக்குப் போகிற துணியையும் யாராவது கேட்க வேண்டும்.

நிலையத்துக்குள் இன்னும் தீராத ஒன்று, மிக்ஸ்டு சால்ட். எல்லாவற்றையும் பிரித்த பிறகு கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பு. மறுபடி சாயத்துக்கு ஆகாது, வாங்கவும் ஆள் இல்லை. ஸ்லட்ஜையாவது (கழிவுநீரில் அடியில் தங்குகிற சேற்றை) சிமென்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. இந்த உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுக்குள் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றில் போகாமல் தடுத்ததை நாம் கூரைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறோம். இதைப் பிரிக்க ஒரு வழியை அரசும் ஆராய்ச்சி நிறுவனங்களும் சேர்ந்து கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

சேரலாமா என்று கேட்டால், சேருங்கள். தனியாகச் சுத்திகரிப்பு போட்டு ஆர்.ஓ.வையும் ஈவாப்பரேட்டரையும் கட்டி மேய்க்கிற தெம்பு சின்னப் பட்டறைக்குக் கிடையாது. சேருவதற்கு முன் நிலையத்தில் உங்களுக்கு ஒதுக்குகிற அளவு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரைன் வலு ரிப்போர்ட்டை மழைக்காலத்து மாதங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வலு குறையும் நாளில் யார் போன் செய்வார்கள் என்பதையும் கேட்டு, அந்த ஆளின் நம்பரை வாங்கி உங்கள் லேப்பில் ஒட்டி வையுங்கள்.