இசிபிங்கோ வீட்டுக்கு ஏர்கான்: இன்வெர்ட்டரா, சாதாவா, யார் மாட்டுவது?

எங்கள் படுக்கையறை ஏர்கான் 2024 பிப்ரவரியில் செத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிப்ரவரி என்றால் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். குளித்துவிட்டுத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வேர்க்கும். வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. வந்த மெக்கானிக் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். அலுமினியத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் வைத்தேன். வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கையோடு வந்தது, நீறிப்போன சுண்ணாம்பு மாதிரி.

நான் தூத்துக்குடிக்காரன். உப்புக் காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று இருந்தவன். டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ பீச்சில், மாடி ஜன்னலில் நின்றால் கடல் தெரியும் வீட்டை ஆசையாக வாங்கியபோதுகூட அந்த நினைப்பு மாறவில்லை. கேட்டிலிருந்த கீலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றியவனுக்கு, சுவரில் தொங்கும் பெட்டியைப் பற்றி மட்டும் தோன்றவே இல்லை.

சரி, புதிதாக வாங்க வேண்டும். எதை என்பதில் அதிகம் குழம்பவில்லை. பழைய மாதிரியே ஒரு சாதா ஸ்ப்ளிட், இல்லையென்றால் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். இன்வெர்ட்டர் கரண்ட்டை மிச்சப்படுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விடுகிறேன். எனக்கு உறைத்தது வேறு. கடைக்காரர் எங்கள் படுக்கையறைக்கு 18,000 பிடியூ (குளிரூட்டும் திறனுக்கான அளவு) போடச் சொன்னார். பதினாறு சதுர மீட்டர் அறை, 12,000 தாராளம். சாதா யூனிட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் அப்படியே தங்கிவிடும். அறை சில்லென்று இருக்கும், தலையணை மட்டும் நசநசக்கும். இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நெடுநேரம் ஓடுவதால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. டர்பனில் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

அப்புறம் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. 2023இல் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. நாங்களும் பேட்டரி வைத்தோம். சாதா கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும், பேட்டரிப் பெட்டி பொசுக்கென்று அணைந்துவிடும். இன்வெர்ட்டர் ஏர்கான் மெதுவாக வேகமெடுப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஏர்கானுக்கும் இன்வெர்ட்டர், பேட்டரிப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் என்று ஒரே பெயர் வைத்து வீட்டில் நடந்த குழப்பத்தைத் தனியாக எழுதலாம்.

குளிர்காலத்துக்கு கேஸ் ஹீட்டர் வாங்கிக்கொண்டு, ஏர்கானைச் சாதாவாகவே போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். லெனேசியாவில் இருக்கும் மைத்துனர் வீட்டில் அப்படித்தான். ஆனால் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். ஜூலை குளிர்காலம், இரவில் வெளியே வைத்த வாளியில் ஏடாக ஐஸ் கட்டும். எங்களுக்கு டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி கொட்டும் நான்கைந்து நாட்கள்தான் ஹீட்டர் ஞாபகமே வரும். அதோடு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டருக்கு ஜன்னலைத் திறந்துவைக்கவும் வேண்டும். ஏற்கெனவே அலமாரிக்குள் பூசணம் பூக்கும் ஊர். பட்டுப்புடவைகளைச் சொன்னதும் மனைவி அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஒன்றே இரண்டு வேலைக்கும் போதும். மைத்துனர் வீட்டுக்கும் இதையே சொல்வேனா என்றால், மாட்டேன்.

ஆக, பெட்டி எது என்பது ஒரு மாலையில் முடிந்தது. யார் மாட்டுவது, எங்கே மாட்டுவது என்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

முதல் விலைப்புள்ளி கடையிலிருந்தே. சாதா யூனிட்டும் மாட்டுக்கூலியும் சேர்த்து 11,000 ரேண்ட். வீட்டைப் பார்க்கக்கூட வரவில்லை; பழைய பிராக்கெட்டிலேயே உட்கார்த்திவிடலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, பக்கி வைத்திருக்கும் ஒரு பையன். (சரக்கு ஏற்றும் சின்ன வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். ஊரில் அது திட்டு.) கூலி பாதிதான். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் இருக்கிறதா என்று கேட்டேன். தேவையில்லை, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டால் குழாயிலுள்ள காற்று வெளியே போய்விடும் என்றான். பழைய யூனிட்டை மாட்டியவரும் என் கண்ணெதிரே அதைத்தான் செய்தார், நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ்களில் ஓடும் யூனிட்டுகளில் இருக்கும் எண்ணெய் அந்த ஈரத்தைக் குடித்து, நாளடைவில் அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்து தின்னும். அதுவும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் கேஸ், விளையாட்டில்லை.

மூன்றாமவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த அறுபது வயதுப் பெரியவர். தமிழர், தெரிந்த தமிழில் பாதி கோவில் தமிழ், மீதி சாப்பாட்டுத் தமிழ். என்னைத் 'தம்பி' என்றார், நான் 'அங்கிள்' என்றேன், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கேட்கும் முன்பே எஸ்ஏக்யூசிசி கேஸ் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். குளிரூட்டும் கேஸைக் கையாளத் தகுதி பெற்றவர் என்பதற்கான பதிவு அது; எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று அட்டையிலேயே இருக்கும், திருப்பிப் பார்த்துவிடுங்கள். பிறகு டீயைக்கூடத் தொடாமல் வீட்டைச் சுற்றி நடந்தார். கடல் பக்கத்து ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக் காட்டினார். துரு. பின்சுவரில், ரோட்டுப் பக்கம் இருந்த கம்பியைத் தேய்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"மெஷின் எது வேணுமோ வாங்கு தம்பி. அது எந்தச் சுவரில் இருக்கணும்னு நான் சொல்றேன்."

அவர் சொன்னதில் முக்கியமானது இது. தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் படிந்தால் அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது, தேய்வது அலுமினியம். இந்தக் குழாயும் தகடும் சேர்ந்ததுதான் காயில். நீலப் பூச்சு போட்ட காயில் என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பூச்சு முக்கியமாகத் தண்ணீர் வழிந்தோடத்தான். கடற்கரைக்கு அது போதாது. அலுமினியத் துகள் கலந்த பாலியூரித்தேன் பூச்சைக் காயிலுக்குத் தனியாக அடிக்கச் சொன்னார், மாட்டுவதற்கு முன்பே. பிராக்கெட்டும் நட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ். வழக்கமான 304 ரகத்துக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 316இல் மாலிப்டினம் இருப்பதால் உப்பை அதிக நாள் தாங்கும். யூனிட் பின்சுவரில், கூரை நீட்டலுக்குக் கீழே. நான்கு மீட்டர் குழாய் கூடுதல், அதற்குக் கொஞ்சம் கேஸ் கூடுதல். குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் மூடி, ஏனென்றால் குரங்குகள் உறையைப் பிய்த்துவிடும். (பிய்க்கும். பழையதில் பார்த்துவிட்டேன்.) எல்லாம் சேர்த்து 19,500 ரேண்ட்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று. கூரைக்குக் கீழே வைத்தால் யூனிட் பாதுகாப்பாக இருக்கும் என்று நான் தலையாட்டினேன். அவர் சிரித்தார். வெயிலுக்கு நல்லது, உப்புக்குக் கெட்டது என்றார். திறந்த இடத்தில் இருந்தால் மழை வந்து கழுவிவிடும். கூரைக்குக் கீழே மழை படாது, உப்பு மட்டும் வந்து படிந்துகொண்டே இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை நீயே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, திறந்த சுவருக்குப் போவோம் என்றார். பிரஷர் வாஷர் கூடாது, தகடுகள் மடங்கிவிடும். தோட்டத்துக் குழாய் போதும்.

இரண்டு கோடையாகக் கழுவுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பத்து நிமிடம். மூன்று முறை தவறியிருக்கிறேன். போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் லேசாக மங்கல், மற்றபடி தகடுகள் நேராக நிற்கின்றன. பழையது இதே வயதில் எப்படி இருந்தது என்று தெரியாது, அப்போது நான் பார்த்ததே இல்லையே. ஆகவே பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இன்வெர்ட்டருக்கு எதிராக ஒன்று சொல்லியாக வேண்டும்: எலெக்ட்ரானிக் போர்டு. கரண்ட் போய் வரும்போது எகிறும் வோல்டேஜ், உப்பு ஈரம், எல்லாவற்றையும்விடப் பல்லி. டர்பன் பல்லிக்கு அவுட்டோர் யூனிட்டின் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும்; இரண்டு முனைகளுக்கு நடுவே ஏறிப் படுத்தால் பல்லியும் காலி, போர்டும் காலி. தெருவில் ஒருவருக்கு இப்படிப் போய், புதிய யூனிட் விலையில் பாதி ஆனது. சாதா யூனிட் என்றால் ஒரு கெப்பாசிட்டரை மாற்றிவிட்டுப் போய்விடலாம். என்னுடையதற்கு சர்ஜ் பாதுகாப்பு போட்டிருக்கிறது, ஓட்டைகளை வலை வைத்து அடைத்திருக்கிறது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் பெரிய அனுபவமில்லை. வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டு மூன்று வருடத்தில் காலி செய்பவர் என்றால் சாதா யூனிட்டையே வாங்கச் சொல்வேன்.

வீடு சொந்தம் என்றால் ஒரு காகிதத்தை மட்டும் விடாதீர்கள். வீட்டை விற்கும்போது, இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாகாத மின்சாரச் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே எல்லோரும் சிஓசி என்பார்கள். ஏர்கானுக்கு என்று பிளக்கிலிருந்து வயர் இழுத்துவிட்டுப் போனவரின் வேலை அன்றைக்குத்தான் வெளியே வரும், செலவு உங்கள் தலையில். அங்கிள் தனி லைன், தனி பிரேக்கர் என்று எலெக்ட்ரிஷியனைக் கூட்டிவந்து முடித்து, சான்றிதழைக் கையில் கொடுத்த பிறகுதான் மீதிப் பணத்தை வாங்கினார்.

பிள்ளைகள் அறையில் பழைய சாதா யூனிட் ஒன்று இன்னும் ஓடுகிறது, கடல் பக்கச் சுவரில்தான். அதையும் கழுவ ஆரம்பித்திருக்கிறேன். முதல்முறை கழுவியபோது தண்ணீரோடு ஒரு கைப்பிடி அலுமினியமும் வந்தது.